சொராரிட்டியில் சேரலாமா? அமெரிக்கக் கல்லூரிக்குப் போகும் மகள்களும் பெற்றோரும் அடிக்கடி கேட்பவை

டார்முக்குப் பெட்டி கட்டும் ஜூலை மாதத்தில் வாட்ஸாப் குழுக்களில் ஒரே மாதிரியான கேள்விகள் கிளம்பும். அம்மாக்கள் ஒரு விதமாகக் கேட்பார்கள், மகள்கள் இன்னொரு விதமாக. கேட்டவர்களின் வார்த்தையிலேயே கேள்விகளைத் தொகுத்திருக்கிறோம். வரிசையாகப் படித்தால் நல்லது. பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை நம்பியே நிற்கின்றன.

சொராரிட்டின்னா என்ன? லேடீஸ் ஹாஸ்டல் மாதிரியா?

ஹாஸ்டல் இல்லை. சந்தா கட்டி, உறுதிமொழி எடுத்து, வாழ்நாள் உறுப்பினராகும் பெண்கள் சங்கம். தேசிய அளவில் ஒரு தலைமை அலுவலகமும், ஒவ்வொரு கல்லூரியிலும் 'சாப்டர்' எனப்படும் ஒரு கிளையும் இருக்கும். சில கிளைகளுக்குச் சொந்த வீடு உண்டு. பல கிளைகளுக்கு ஓர் அறைகூடக் கிடையாது. கிரேக்க எழுத்துகளில் பெயர் வைப்பதால் இவற்றையும் ஆண்களின் ஃபிரட்டர்னிட்டிகளையும் சேர்த்து 'கிரீக் லைஃப்' என்கிறார்கள்.

இது 19ஆம் நூற்றாண்டுப் பழக்கம். கல்லூரிகளில் பெண்கள் விரல்விட்டு எண்ணும்படி இருந்த காலத்தில் ஒருவருக்கொருவர் துணையாகத் தொடங்கியவை. ஆண்களை விலக்குவது சட்டப்படி எப்படிச் சரி என்றும் சிலர் கேட்பார்கள். பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் 'டைட்டில் நைன்' சட்டம் 1972இல் வந்தது. 1974இல் செய்த திருத்தம், இந்தச் சங்கங்களின் உறுப்பினர் சேர்க்கைக்கு அதிலிருந்து விலக்கு அளித்தது.

எல்லா சொராரிட்டியும் ஒண்ணுதானே?

இல்லை. மூன்று உலகங்கள் இருக்கின்றன. எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று தெரியாமல் கேட்கும் அறிவுரை பெரும்பாலும் தப்பாகத்தான் போகும். முதலாவது, 1902இல் உருவான நேஷனல் பான்ஹெலெனிக் கான்ஃபரன்ஸ். சுருக்கமாக என்.பி.சி. இதில் 26 அமைப்புகள். பெரிய வீடு, ஆகஸ்ட் வெயிலில் வரிசை கட்டி நிற்கும் பெண்கள், டிக்டாக் வீடியோ எல்லாம் இந்த உலகம்தான்.

இரண்டாவது, கறுப்பின மாணவர் மரபில் வந்த 'டிவைன் நைன்'. பெயர் குழப்பும். அதன் கூட்டமைப்பு 1930இல் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய நேஷனல் பான்-ஹெலெனிக் கவுன்சில். ஒன்பதில் நான்கு சொராரிட்டிகள். மூத்தது ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா, 1908. சென்னையில் பிறந்த சியாமளா கோபாலனின் மகள் கமலா ஹாரிஸ் 1986இல் ஹோவர்டில் சேர்ந்தது இதில்தான். அவருடைய தேர்தல் கூட்டங்களில் இந்த அமைப்பின் நிறங்களான இளஞ்சிவப்பும் பச்சையும் அணிந்து வந்த பெண்களுக்கு அவர் வேட்பாளர் மட்டுமில்லை, உறுப்பினர் சகோதரியும்கூட.

மூன்றாவது, தெற்காசியப் பெண்களை மையமாக வைத்தவை. கப்பா ஃபை காமா (டெக்சஸ் பல்கலைக்கழகம், ஆஸ்டின்), டெல்டா ஃபை ஒமேகா (ஹூஸ்டன் பல்கலைக்கழகம்), சிக்மா சிக்மா ரோ (நியூயார்க்) மூன்றும் ஒரே ஆண்டில், 1998இல் தொடங்கின.

மகளுக்கு ஃபை பீட்டா கப்பாவில் இடம் கிடைச்சிருக்குன்னு ஒருத்தர் பெருமையா சொன்னார். அதுவும் பார்ட்டி கும்பல்தானா?

பெருமைப்பட வேண்டிய விஷயம்தான். ஃபை பீட்டா கப்பா 1776இல் வில்லியம் அண்ட் மேரி கல்லூரியில் தொடங்கிய கல்விக் கௌரவ அமைப்பு. மதிப்பெண்ணைப் பார்த்து அவர்களே அழைப்பார்கள். கிரேக்க எழுத்தைத் தவிர சொராரிட்டியோடு ஒரு ஒற்றுமையும் கிடையாது.

ரஷ் வாரத்தில் என்னதான் நடக்கும்?

'ரஷ்' என்பது பேச்சு வழக்கு. அதிகாரபூர்வப் பெயர் ரெக்ரூட்மென்ட். என்.பி.சி. உலகில் இது பெரும்பாலும் வகுப்பு தொடங்கும் முன்போ முதல் சில வாரங்களிலோ நடக்கும். சில கல்லூரிகள் முதல் செமஸ்டர் மதிப்பெண் வரட்டும் என்று ஜனவரிக்குத் தள்ளிவைக்கும். நம் பிள்ளைகளுக்கு அந்த ஜனவரி முறைதான் நல்லது என்பது எங்கள் கருத்து.

பதிவுக் கட்டணம் கட்டியபின் நான்கு சுற்றுகள். முதல் சுற்றில் எல்லா வீடுகளுக்கும் (ரஷ் பேச்சில் கிளையையே 'வீடு' என்பார்கள்) போக வேண்டும், ஒவ்வொன்றிலும் சுமார் அரை மணி நேரம். அடுத்தது அவர்கள் செய்யும் தொண்டுப்பணி பற்றிய சுற்று. மூன்றாவது உறுப்பினர்களின் தோழமை பற்றியது. கடைசி, 'பிரெஃபரன்ஸ்'. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் நீங்கள் வீடுகளை வரிசைப்படுத்துகிறீர்கள், வீடுகள் உங்களை வரிசைப்படுத்துகின்றன. இரண்டு பட்டியலையும் கணினி பொருத்திப் பார்த்து மறுநாள் எங்கே போகலாம் என்று சொல்லும். கடைசிச் சுற்றில் பெரும்பாலும் இரண்டு வீடுகள்தான் மிஞ்சும். பொருந்திய வீட்டிலிருந்து வரும் அழைப்புக்குப் பெயர் 'பிட்'.

பேச்சுதான் முழு வேலையும். ஒரு பெண் உங்களோடு ஐந்து நிமிடம் பேசுவாள், பிறகு இன்னொருத்தி வந்து தொடர்வாள். சத்தத்தில் தொண்டை கட்டிவிடும். தண்ணீர் பாட்டில், கைக்குட்டை, நடந்து பழகிய செருப்பு, இந்த மூன்றையும் மறந்தால் இரண்டாம் நாளே தெரியும். புதுச் செருப்பு காலைக் கடிக்க எட்டு வீடு ஏறி இறங்க முடியாது.

டிவைன் நைனில் இப்படி எதுவும் இல்லை. அங்கே 'இன்டேக்' என்பார்கள். முதலாண்டு மாணவிகளைப் பொதுவாக எடுப்பதில்லை. கல்லூரி மதிப்பெண்ணும் சேவை அனுபவமும் பார்ப்பார்கள். 'நான் சேரப் போகிறேன்' என்று ஊருக்குச் சொல்லிக்கொண்டு திரிவது அங்கே மரியாதைக் குறைவு. தெற்காசிய அமைப்புகளில் அறிமுகக் கூட்டங்கள், நேர்காணல், பிறகு சில வாரப் பயிற்சி.

ரெக்கமண்டேஷன் லெட்டர் வேணுமாம். நமக்கு யாரைத் தெரியும்?

முன்னாள் உறுப்பினர் ஒருவர் தரும் இந்தப் பரிந்துரைக் கடிதத்தைப் பெரும்பாலான என்.பி.சி. அமைப்புகள் இப்போது கட்டாயமாகக் கேட்பதில்லை. அம்மாவோ பாட்டியோ உறுப்பினராக இருந்தால் கிடைத்த 'லெகஸி' சலுகையையும் 2020க்குப் பிறகு பல அமைப்புகள் எடுத்துவிட்டன. தெற்கு மாநிலங்களில் மட்டும் கடிதம் அனுப்பும் பழக்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இல்லையென்றால் விண்ணப்பம் செல்லாது என்று யாராவது சொன்னால், அந்தக் கல்லூரியின் பான்ஹெலெனிக் (அங்குள்ள என்.பி.சி. கிளைகளின் கூட்டமைப்பு) பக்கத்தில் சரிபார்த்துவிடுங்கள்.

கடைசி நாள் ஏதோ பேப்பரில் கையெழுத்து வாங்கறாங்களாமே?

இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். பிரெஃபரன்ஸ் சுற்று மெழுகுவத்தி வெளிச்சத்தில், மெல்லிய பாட்டோடு, கண்ணீரும் கட்டிப்பிடிப்புமாக நடக்கும். அது முடிந்து வெளியே வந்த கையோடு ஒரு படிவத்தை நிரப்பச் சொல்வார்கள். அதில் வரிசைப்படுத்தும் ஒவ்வொரு வீட்டுக்கும், அங்கிருந்து பிட் வந்தால் ஏற்பேன் என்று ஒப்புக்கொள்கிறீர்கள். பிட் வந்தபின் வேண்டாம் என்றால் உங்களை யாரும் இழுத்துப்போக மாட்டார்கள். ஆனால் அதே கல்லூரியில் வேறு எந்த என்.பி.சி. சொராரிட்டியிலும் அடுத்த ஆண்டின் முதன்மை ரெக்ரூட்மென்ட் வரை சேர முடியாது.

கையெழுத்திடாமல் விலகினால் இந்தத் தடை இல்லை. ஆகவே மனதுக்குப் பிடிக்காத வீட்டைப் படிவத்தில் எழுதாமல் விடலாம். ஆனால் அதற்கும் விலை உண்டு. இரண்டு வீட்டுக்கு வாய்ப்பிருந்தும் ஒன்றை மட்டும் எழுதியவருக்கு அந்த ஒன்றும் பொருந்தாவிட்டால் எதுவும் கிடைக்காது. இரண்டையும் எழுதியவர்களுக்குத்தான் இடம் ஒதுக்குவதில் முன்னுரிமை. அன்று இரவு அழுதுகொண்டே முடிவெடுக்காமல், முந்தின நாளே 'இந்த வீடு கிடைத்தால் போவேனா' என்று ஒவ்வொன்றுக்கும் ஆமாம், இல்லை என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மொத்தமா எவ்வளவு ஆகும்? யாரும் நேரா சொல்ல மாட்டேங்கறாங்க.

நேராகச் சொல்ல முடியாததற்குக் காரணம், இடத்துக்கு இடம் பத்து மடங்கு வித்தியாசம். வீடில்லாத சிறிய கிளையில் செமஸ்டருக்குச் சில நூறு டாலரில் முடியும். அலபாமா பல்கலைக்கழகம் போன்ற இடத்தில், வீட்டில் தங்காத புது உறுப்பினருக்கே செமஸ்டருக்கு 4,000 டாலரைத் தொடும். அங்கேயே தங்கினால் அதைப்போல ஏறக்குறைய இரு மடங்கு.

பில்லைப் பிரித்துப் பார்த்தால் இப்படி இருக்கும்: ஒருமுறை கட்டும் புது உறுப்பினர் கட்டணம், பேட்ஜ் விலை, தேசியச் சந்தா, காப்பீடு, கிளைச் சந்தா. வீடிருந்தால் தங்காதவர்களும் கட்ட வேண்டிய 'பார்லர்' கட்டணம். வாரத்துக்கு இத்தனை வேளை என்று கட்டாயச் சாப்பாடு. இவை தாளில் இருக்கும். தாளில் இல்லாதவை: நிகழ்ச்சிக்கு ஒன்றாக வரும் டி-ஷர்ட், உங்கள் பொறுப்பில் 'லிட்டில்' எனப்படும் புது உறுப்பினர் வந்தால் அவளுக்குக் கூடை நிறையப் பரிசு, ஃபார்மல் உடை, ஊபர், கூட்டத்துக்கு வராவிட்டால் அபராதம். 25 டாலர் டி-ஷர்ட் வருடத்தில் பத்து வாங்கினால் அங்கேயே 250 போய்விடும். முதல் செமஸ்டர்தான் எப்போதும் அதிகச் செலவு.

கிளைகள் கட்டண விவரத்தைச் சுற்றுகளின்போதே காட்ட வேண்டும் என்பது பல கல்லூரிகளில் விதி. காட்டும்போது மூன்று கேளுங்கள். தங்காதவர் கட்டணம் எவ்வளவு? மாதத் தவணை உண்டா? அபராதம் எப்படிக் கணக்கிடுவீர்கள்? 'அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்' என்று சிரித்தால் அந்தச் சிரிப்பையும் குறித்துக்கொள்ளுங்கள். கட்டாத பாக்கி கடன் வசூல் நிறுவனத்துக்குப் போகும்.

529 கணக்கிலிருந்து கட்டலாமா?

529 என்பது கல்விச் செலவுக்கென வரிச்சலுகையோடு சேமிக்கும் கணக்கு. சந்தாவுக்கு அதிலிருந்து எடுக்கக் கூடாது. அது கல்விச் செலவில் சேராது. எடுத்தால் அந்தத் தொகையில் உள்ள வருமானப் பகுதிக்கு வரியும் 10 சதவீத அபராதமும் வரும். தங்கும் செலவும் சாப்பாடும் மட்டும், மகள் குறைந்தது பாதி நேர மாணவியாக இருந்தால், கல்லூரி தன் செலவு மதிப்பீட்டில் தங்கலுக்கும் சாப்பாட்டுக்கும் ஒதுக்கிய தொகை வரை தகுதி பெறும். எனவே பில்லில் சந்தாவையும் தங்கலையும் தனித்தனி வரியாகப் போடச் சொல்லி வாங்கி வையுங்கள்.

அந்த வீட்டில் தங்கியே ஆகணுமா? பொண்ணு வெஜிடேரியன் வேற.

வீடுள்ள கிளைகளில் பெரும்பாலும் இரண்டாம் ஆண்டில் ஒரு வருடம் தங்கச் சொல்வார்கள். காரணம் எளிது. 60 கட்டில் நிரம்பாவிட்டால் கட்டடக் கடனைக் கட்ட முடியாது. இதற்கெனத் தனி வாடகை ஒப்பந்தம் உண்டு. உறுப்பினர் சேர்க்கைப் படிவத்தோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். சொராரிட்டியை விட்டு விலகினாலும் இந்த வாடகை நிற்காது. டார்மோ அபார்ட்மென்டோ அடுத்த ஆண்டுக்கு முன்கூட்டியே பதிந்திருந்தால் இரண்டு பக்கமும் பணம் போகும்.

சில பழைய வீடுகளில் 'ஸ்லீப்பிங் போர்ச்' உண்டு. படிக்க, உடை வைக்க ஒரு அறை. தூங்க மட்டும் எல்லோருக்கும் பொதுவாக ஒரு பெரிய கூடம், அடுக்குக் கட்டில், ஜன்னல் திறந்தே இருக்கும். வீட்டைச் சுற்றிக் காட்டும்போது அந்தக் கூடத்தையும் பாருங்கள்.

சாப்பாட்டுக்குச் சமையல்காரர் இருப்பார். மரக்கறி ஒரு வகை தினமும் இருக்கும், ஆனால் அது பல நாள் பாஸ்தாவும் சாலட்டும்தான். வார இறுதியில் பெரும்பாலும் சமையல் கிடையாது. பெரிய அடுக்களை சமையல்காரர் வசம். மாணவிகளுக்கு மைக்ரோவேவும் டோஸ்டரும். ரசம் தாளிக்க வழியில்லை. ஒரு வார மெனுவை வாங்கிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

சொராரிட்டி வீட்டில் குடிப்பாங்களா? பெண்கள் சேர்ந்து குடியிருந்தா விபசார விடுதிச் சட்டம் வருமாமே?

அந்தச் சட்டம் அமெரிக்கக் கல்லூரிகள்தோறும் சுற்றும் கட்டுக்கதை. உறவில்லாத இத்தனை பேருக்கு மேல் ஒரு வீட்டில் இருக்கக்கூடாது என்று சில ஊர்களில் குடியிருப்பு விதி உண்டு. அது ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றுதான். என்.பி.சி. வீடுகளில் மது இல்லாததற்குக் காரணம் அவர்களின் சொந்த விதியும் காப்பீடும்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. சொராரிட்டி வீட்டில் மது இல்லை என்பதால் விருந்துகள் ஃபிரட்டர்னிட்டி வீட்டிலோ வெளி வாடகை வீட்டிலோ நடக்கின்றன. கிளாஸில் என்ன ஊற்றுகிறார்கள், யார் கதவைப் பூட்டுகிறார்கள் என்பது உங்கள் கையில் இல்லாத இடம். பெற்றோரின் கவலை இங்கேதான் இருக்க வேண்டும். சேர்ந்து போய்ச் சேர்ந்து திரும்பும் ஏற்பாடு கிளையில் உண்டா, குடிக்காமல் காவலிருக்கும் உறுப்பினர் யார் என்று எப்படி முடிவாகிறது என்று கேட்கலாம். 21 வயதுக்குக் கீழ் குடிப்பது சட்டப்படி குற்றம். வேண்டாம் என்பவரை வற்புறுத்துகிறார்களா என்பது முதல் மாதத்திலேயே தெரிந்துவிடும்.

நம்ம ஊர் ராகிங் மாதிரி இங்கேயும் உண்டா?

உண்டு. இங்கே பெயர் ஹேஸிங். நம் ஊர் ராகிங் கல்லூரியில் கால் வைத்ததுமே வரும். இது, சேர ஆசைப்பட்டு உள்ளே போனபின் வரும். அதனால் வெளியே சொல்ல வாய் வராது. சொராரிட்டிகளில் அடிதடியைவிட நச்சரிப்பு அதிகம்: நள்ளிரவில் சீனியரைக் காரில் கொண்டுபோய் விடுவது, தூங்கவிடாமல் பழைய பெயர்களை மனப்பாடம் செய்யவைப்பது, ஃபோனைப் பிடுங்கி வைப்பது, யாரிடமும் பேசாதே என்பது, குடிக்கச் சொல்வது.

2024 டிசம்பரில் 'ஸ்டாப் கேம்பஸ் ஹேஸிங்' என்ற கூட்டாட்சிச் சட்டம் கையெழுத்தானது. அதன்படி கல்லூரிகள் ஹேஸிங் உறுதியான மாணவர் அமைப்பின் பெயர், நடந்தது என்ன, என்ன தண்டனை என்பதைத் தங்கள் தளத்தில் வெளியிட வேண்டும். 'அவளே சம்மதித்தாள்' என்பது அந்தச் சட்ட வரையறையில் செல்லாது. கல்லூரிப் பெயரோடு 'ஹேஸிங் டிரான்ஸ்பரன்சி ரிப்போர்ட்' என்று தேடுங்கள். பட்டியலில் பெயர் இல்லை என்பதால் சுத்தம் என்று அர்த்தமில்லை, விசாரணையில் உறுதியானது மட்டுமே அதில் வரும். புது உறுப்பினர் காலத்தின் முழு அட்டவணையை எழுத்தில் கேளுங்கள். தேதி, நேரம், இடம் இல்லாத 'சர்ப்ரைஸ்' நிகழ்ச்சி இரவு 10 மணிக்கு மேல் இருந்தால் ஏனென்று கேட்க வேண்டியதுதான்.

படிப்பு கெடுமா? ப்ரீ-மெட் (மருத்துவப் படிப்புக்கு முந்தைய தயாரிப்பு) வேற.

நேரக் கணக்கு போடுவோம். வாரம் ஒரு கிளைக் கூட்டம் ஒன்றரை மணி நேரம். முதல் ஆறேழு வாரம் புது உறுப்பினர் வகுப்பு. தொண்டு நிகழ்ச்சி, விருந்து, கட்டாய ஸ்டடி ஹவர் சேர்த்து வாரம் ஐந்து மணி நேரம் சாதாரணம். ரெக்ரூட்மென்ட் வாரத்தில் உறுப்பினர்களின் நாள் முழுக்கவே போகும். அதுவும் அடுத்த ஆண்டு உங்களுக்கு உண்டு, மறந்துவிடாதீர்கள். ஆர்கானிக் கெமிஸ்ட்ரி லேப் நேரத்தோடு கூட்டம் மோதுமா என்று அட்டவணையை வைத்துப் பாருங்கள்.

பல கல்லூரிகள் செமஸ்டர்தோறும் ஒவ்வொரு கிளையின் சராசரி ஜி.பி.ஏ.வை வெளியிடும். அதைக் காட்டி 'எங்கள் சராசரி கல்லூரிச் சராசரியைவிட அதிகம்' என்பார்கள். குறைந்த மதிப்பெண்காரர்களை வாசலிலேயே நிறுத்திவிட்டு எடுத்த சராசரி அது. ஒரே கல்லூரிக்குள் கிளைக்குக் கிளை ஒப்பிட மட்டும் பயன்படும்.

தேசி சொராரிட்டியா, பெரிய சொராரிட்டியா?

பெரிய கிளையில் 200, 300 பேர் இருப்பார்கள். சும்மா ஓரமாக இருந்தாலும் வண்டி ஓடும். தெற்காசியக் கிளையில் பத்துப் பதினைந்து பேர்தான் இருக்கலாம். செலவு குறைவு, வீடு கிடையாது, ஆனால் ஆளுக்கு ஒரு பொறுப்பு தலையில் விழும். பொருளாளர் வேலை, நிகழ்ச்சிக்கு ஹால் பிடிப்பது எல்லாம் நீங்கள்தான். வேலை கற்றுக்கொள்ள நல்ல இடம், ஒளிந்துகொள்ள முடியாத இடம்.

'நம்ம ஆளுங்க' என்று நினைத்துப் போகும் தமிழ்ப் பெண்ணுக்கு அங்கே பெரும்பாலும் பாலிவுட் பாட்டும் கர்பாவும்தான் காத்திருக்கும். அதில் தப்பில்லை, எதிர்பார்ப்பைச் சரிசெய்துகொண்டு போனால் போதும். சிறு கிளையில் ஹேஸிங் இருக்காது என்ற நம்பிக்கையும் வேண்டாம். முன் சொன்ன அட்டவணைக் கேள்வி இங்கேயும் அப்படியே பொருந்தும்.

நிறத்தைப் பார்த்து ஒதுக்குவாங்களா?

எழுத்தில் எந்த அமைப்பிலும் அப்படி விதி இல்லை. நடைமுறை வேறு. அலபாமா பல்கலைக்கழகத்தில் வெள்ளையர் மரபுச் சொராரிட்டிகள் கறுப்பின மாணவிகளை ஒதுக்கியதை 2013இல் மாணவர் நாளிதழ் 'தி கிரிம்சன் ஒயிட்' அம்பலப்படுத்திய பிறகுதான் அங்கே கதவு திறந்தது. இது நடந்தது 2013இல், 1963இல் இல்லை. கலிஃபோர்னியாவிலும் நியூ ஜெர்சியிலும் சூழல் வேறு. கிளையின் இன்ஸ்டாகிராமில் இந்த ஆண்டுக் குழுப்படத்தை மட்டும் பார்க்காதீர்கள். நான்கைந்து ஆண்டுப் படங்களைப் பாருங்கள், நிர்வாகப் பொறுப்பில் யார் யார் இருந்திருக்கிறார்கள் என்றும் பாருங்கள்.

சடங்கு ரகசியம்கறாங்க. நாங்க சாமி கும்பிடற குடும்பம், பிரச்சினை வருமா?

பல அமைப்புகளின் சடங்கு கிறிஸ்தவச் சூழலில் எழுதப்பட்டது. வெள்ளை உடை, மெழுகுவத்தி, உறுதிமொழி இருக்கும். மதம் மாறச் சொல்வதில்லை. சடங்கை முன்கூட்டியே காட்ட மாட்டார்கள். ஆனால் 'உறுதிமொழியில் குறிப்பிட்ட மதம் சார்ந்த வாசகம் உண்டா' என்ற கேள்விக்குக் கிளையின் ஆலோசகரால் பதில் சொல்ல முடியும். இனிஷியேஷனுக்கு (புது உறுப்பினர் காலம் முடிந்ததும் முழு உறுப்பினராக்கும் சடங்கு) முன்பே கேட்டுவிடுங்கள்.

பொண்ணு எஃப்-1 விசாவில் எம்.எஸ். படிக்கப் போறா. சேரலாமா?

என்.பி.சி. கல்லூரிக் கிளைகள் இளநிலை மாணவிகளுக்கு மட்டும். டிவைன் நைனில் பட்டதாரிகளுக்குத் தனிக் கிளைகள் உண்டு, அது பல ஆண்டுச் சேவை அடிப்படையில் வரும் வழி. எஃப்-1இல் இளநிலை படிக்கும் பெண் தாராளமாகச் சேரலாம், விசா தடையில்லை.

எந்த வீடும் கூப்பிடலைன்னா?

முதலாண்டில் இதைவிட வலிக்கும் வாரம் குறைவு, ஊர் பேர் தெரியாத இடத்தில் நடப்பதால் இன்னும் வலிக்கும். காரணம் பெரும்பாலும் எண்ணிக்கைதான்: ஒவ்வொரு வீட்டுக்கும் அந்த ஆண்டு இத்தனை பேர் என்று ஒதுக்கீடு உண்டு. இடம் நிரம்பாத கிளைகள் பிறகு ஆண்டு முழுதும் 'கன்டினியூவஸ் ஓப்பன் பிடிங்' மூலம் ஆள் சேர்க்கும். அங்கே சுற்றும் இல்லை, கணினியும் இல்லை, காபி குடித்துப் பேசிச் சேர்வதுதான். பிட் வராதவருக்குக் கையெழுத்துத் தடை பொருந்தாது.

சேர்ந்த பிறகு பிடிக்கலைன்னா விட்டுடலாமா?

இனிஷியேஷனுக்கு முன் என்றால் ஒரு கடிதம் கொடுத்து வெளியேறலாம். கட்டிய பணம் பெரும்பாலும் திரும்பாது, மேலே சொன்ன அதே காத்திருப்பு பொருந்தும். இனிஷியேஷன் ஆகிவிட்டால் உறுப்பினர் பதவியைத் துறக்கலாம், ஆனால் வேறு என்.பி.சி. சொராரிட்டியில் எந்தக் கல்லூரியிலும் எந்நாளும் சேர முடியாது. தயக்கம் இருந்தால் அந்த ஆறேழு வாரத்துக்குள் முடிவெடுங்கள். வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டாயிற்றா என்பதை முதலில் பாருங்கள், விலகல் கடிதம் அப்புறம்.

ரெஸ்யூமேவில் போட்டா வேலை கிடைக்குமா?

பெயரைப் போட்டால் கிடைக்காது. '180 பேர் கிளைக்குப் பொருளாளர், ஆண்டு பட்ஜெட் இவ்வளவு' என்று எழுத முடிந்தால் அந்த வரிக்கு மதிப்புண்டு. அதையே தமிழ் மாணவர் சங்கத்திலும் ரோபாட்டிக்ஸ் கிளப்பிலும் சந்தாவில்லாமல் சம்பாதிக்கலாம்.

அவ சேரணும்கறா, எங்களுக்குப் பயமா இருக்கு. வேணாம்னு சொல்லிடட்டுமா?

18 வயதானவள் உங்கள் அனுமதி இல்லாமலும் சேரலாம். பணம் மட்டும்தான் உங்கள் கையில். அதனால் 'வேண்டாம்' என்பதைவிட, செமஸ்டருக்கு இவ்வளவு வரை தருவோம், மேலே போனால் உன் பகுதிநேரச் சம்பளம் என்று எண்ணைச் சொல்லிவிடுவது வேலைக்காகும். மகளிடம் கட்டணத் தாள், வாடகை ஒப்பந்தம், புது உறுப்பினர் அட்டவணை மூன்றையும் கேளுங்கள். சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள். பிரெஃபரன்ஸ் இரவில் ஃபோன் வந்தால் எடுங்கள், எந்த நேரமானாலும்.